படத்தை உள்ளே வை தம்பி, தலையைக் காட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நாலு பையன்கள் நிற்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒருவனும் தலையைக் குனிய மாட்டான். பாக்கெட்டிலிருந்து போனை எடுப்பான். இரண்டு விரலால் திரையை விரித்துப் படத்தைப் பெரிதாக்குவான். கண்ணாடிக்கும் என் முகத்துக்கும் நடுவில் நீட்டுவான்.

"அண்ணே, இதே மாதிரி."

படத்தில் விராட் கோலி இருப்பார். இல்லையென்றால் தோனி, ஹர்திக் பாண்டியா. பந்து உதைக்கிற பையனாக இருந்தால் ரொனால்டோ, நெய்மார். நான் போர்த்துகிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்ப்பேன். பிறகு பையனின் தலையைப் பார்ப்பேன். இரண்டுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. "தம்பி, உனக்குச் சுருட்டை முடிப்பா" என்று வாயெடுத்தால் போதும், "பரவால்லண்ணே, இதே மாதிரி வெட்டுங்க" என்று முடித்துவிடுவான். அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் இதைக் கேட்பது?

ஒட்டன்சத்திரம் பக்கம், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில், இரண்டு நாற்காலி போட்ட சலூன் என்னுடையது. தொழிலுக்கு வந்து 27 வருஷம் ஆகிறது. அப்பா வேப்பமரத்தடியில் கை மெஷினோடு தொழில் பார்த்தவர். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடத்தில் கத்திரியே கிடையாது. "தண்ணி தெளிச்சு உச்சியிலருந்து நாலு பக்கமும் சீப்பை விடு. எந்தப் பக்கம் சாயணும்னு முடியே சொல்லும். அதைக் கேட்டுட்டு அப்புறம் கத்திரியை எடு" என்பார். சுழி எங்கே இருக்கிறது, ஒற்றைச் சுழியா ரெட்டைச் சுழியா, பின்மண்டை தட்டையா உருண்டையா, நெற்றி ஏறியிருக்கிறதா, காதுக்குப் பின்னால் தழும்பு ஏதும் உண்டா என்று கையால் தடவிப் பார்க்காமல் அவர் ஒரு முடியைக் கூடத் தொட்டதில்லை. ரெட்டைச் சுழி என்றால் ரெண்டு பொண்டாட்டி என்று ஊரில் சொல்வார்கள். எங்களுக்கு ரெட்டைச் சுழி என்றால், அந்த இடத்தில் குட்டையாக வெட்டினால் முடி முள் மாதிரி எழுந்து நிற்கும், கொஞ்சம் நீளம் விட வேண்டும் என்று அர்த்தம்.

அப்படிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தை இன்றைக்கு யாரும் எனக்குத் தருவதில்லை. பையன் கிரிக்கெட் வீரரின் தலையைப் பார்க்கிறான். பள்ளிக்கூடம் விதியைப் பார்க்கிறது. அப்பா பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று பார்க்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தலையைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பார்க்கத் தெரிந்தவன் பின்னால் நிற்கிறான், அவனையும் பார்க்க விடுவதில்லை. இதுதான் என் ஆதங்கம்.

வீரர்களைப் பார்த்து முடி வளர்ப்பதும் வெட்டுவதும் நேற்று வந்ததல்ல. 2005 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 148 அடித்தார் தோனி. அதே வருஷம் அக்டோபர் கடைசியில் ஜெய்ப்பூரில் இலங்கைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 183. ஹெல்மெட்டுக்குக் கீழே செம்பட்டை முடி கழுத்தை மூடிக்கொண்டு கிடந்தது. 2006-இல் லாகூரில் பரிசளிப்பின்போது பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப், இந்த முடி உங்களுக்கு நன்றாக இருக்கிறது, வெட்டாதீர்கள் என்று அவரிடமே சொன்னார். அந்த ஒரு வருஷம் எங்கள் ஊரில் காலேஜ் பையன்கள் சலூன் பக்கமே வரவில்லை. எல்லோரும் வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

2007 செப்டம்பரில் முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்தார் தோனி. அதற்குப் பிறகு அந்த நீள முடி போய்விட்டது. 2011 ஏப்ரல் 2-ஆம் தேதி மும்பையில் உலகக் கோப்பை. மறுநாள் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு முன்னால் கோப்பையோடு நிற்கிற படம் வந்தது. தலை மொட்டை. பழனிப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு மொட்டையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது ஸ்டைல் கிடையாது. மனசுக்குள் ஒன்றை நினைத்துக்கொண்டு, அது முடிந்ததும் இறக்கி வைக்கிற காரியம். அவர் ஏன் எடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த வாரமே என் கடையில் இரண்டு பையன்கள் மொட்டை கேட்டார்கள். "எதுக்குப்பா?" என்றேன். "தோனி அடிச்சிருக்காருல்ல" என்றார்கள். அவர்களிடம் வேறு காரணம் இல்லை.

பிறகு 2013-இல் பக்கங்களை ஒட்ட வெட்டி நடுவில் மட்டும் முடியை நிறுத்தினார். தாடி வெளுத்தது, அதையும் அப்படியே விட்டார். 2024 ஐபிஎல்லுக்குத் திரும்பவும் நீள முடியோடு வந்தார். இருபது வருஷத்தில் ஒரு மனுஷன் தன் வயசுக்கும் வேலைக்கும் மனசுக்கும் தகுந்தபடி தலையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். நம் பையன்கள் எடுத்துக்கொள்வது அந்த வாரத்துப் படத்தை மட்டும். இது யாருக்காவது உறைக்கிறதா?

2002 உலகக் கோப்பைக் கால்பந்தை நினைத்துப் பாருங்கள். பிரேசில் ரொனால்டோ அரையிறுதிக்கு வந்தபோது தலை முழுக்கச் சிரைத்து, முன்நெற்றியில் மட்டும் அரைவட்டமாகக் கொஞ்சம் முடியை விட்டிருந்தார். அந்த ஆட்டத்தில் துருக்கிக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அவருடையது. ஜூன் 30-ஆம் தேதி யோகோஹாமாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோலையும் அவரே அடித்தார். மொத்தம் 8 கோல். உலகம் முழுக்கச் சின்னப் பையன்கள் அந்தத் தலையைக் கேட்டு அடம்பிடித்தார்கள். பல வருஷம் கழித்து அவரே காரணத்தைச் சொன்னார். அப்போது அவருக்குத் தொடை இடுக்கில் காயம் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் அதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. முடியை அப்படி வெட்டிக்கொண்டு வந்ததும் காயத்தை மறந்துவிட்டு எல்லோரும் முடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவர் நிம்மதியாக விளையாடினார். தன்னைப் பார்த்து அப்படி வெட்டிக்கொண்ட பிள்ளைகளின் அம்மாக்களிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறார்.

அந்த முடிக்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. வெட்டிக்கொண்ட பிள்ளைகளிடம் என்ன இருந்தது? படத்தைப் பார்க்கிறவனுக்குத் தலைதான் தெரியும், தலைக்குப் பின்னால் இருப்பது தெரியாது. இதைப் பதினைந்து வயசுப் பையனிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எந்த நேரத்தில் சொல்வது?

தொழில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதுவும் யாருக்கும் தெரிவதில்லை. பையன்கள் கேட்பது ஃபேட். அடியில் தோல் தெரிய ஆரம்பித்து, மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, கோடே தெரியாமல் உச்சி முடியோடு போய்ச் சேர வேண்டும். மெஷினில் 1-ஆம் நம்பர் சீப்பு மாட்டினால் 3 மி.மீ. முடி நிற்கும், 2-ஆம் நம்பருக்கு 6 மி.மீ. இந்த மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கிற படியைக் கண்ணுக்குத் தெரியாமல் கரைப்பதுதான் வேலை. நெம்புகோலைத் தள்ளித் தள்ளி, மெஷினின் முனையால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வளரும். பத்து நாளில் 3 மி.மீ. மேலே வந்துவிடும். அதாவது இன்றைக்கு வெட்டிய ஃபேட் பத்தாம் நாள் கலைந்து, காதுக்கு மேலே தேங்காய் நார் மாதிரி நிற்கும். படத்தில் இருக்கிற வீரருக்கு அப்படி நிற்காது, ஏனென்றால் அது நிற்பதற்கு முன்பே அவர் திரும்பப் போய் உட்கார்ந்துவிடுவார்.

தோனிக்கும் கோலிக்கும் முடி வெட்டுகிறவர் மும்பையில் இருக்கிற ஆலிம் ஹக்கீம். பெரிய கலைஞர், எங்கள் தொழிலுக்கே கௌரவம் தேடித் தந்தவர். தன்னுடைய கட்டணம் 1 லட்சம் ரூபாயில் ஆரம்பிக்கும் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தத் தொகையைப் பார்த்து நான் பெருமூச்சு விடவில்லை. அந்தக் காசில் அவருக்கு நேரம் கிடைக்கிறது. முகத்தைப் பார்க்கிறார், யோசிக்கிறார், பேசுகிறார், பிறகு வெட்டுகிறார். படத்தில் இருக்கிற அந்த வெட்டு கோலியின் தலைக்காகவே யோசித்தது. தையல்காரர் ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அதை இன்னொருவன் போட்டால் தோள் இறங்கத்தான் செய்யும். படம் எடுப்பதற்கு முன் ஊதி உலர்த்தி, மெழுகு தடவி, நல்ல வெளிச்சத்தில் நிறுத்தியிருப்பார்கள். நம் பையன் காலையில் அம்மா வைத்துவிட்ட தேங்காயெண்ணெயோடு வந்து உட்காருகிறான். அந்த எண்ணெய் நல்லது, முடிக்கும் நல்லது. ஆனால் எண்ணெய் ஊறிய முடி கோலியின் முடி மாதிரி எழுந்து நிற்காது. நிற்கவில்லை என்றால் என் மேல் கோபம். "அண்ணனுக்கு வெட்டத் தெரியல" என்று வெளியே போய்ச் சொல்வான்.

இதில் நானும் ஒரு தடவை தப்புச் செய்தேன். நாலைந்து வருஷம் இருக்கும், ஒரு ஐபிஎல் நேரம். கடை நிறையக் கூட்டம். எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் படத்தைக் காட்டி, "ரெண்டு பக்கமும் ஜீரோண்ணே" என்றான். அன்றைக்கு நான் தலையைத் தடவிப் பார்க்கவில்லை. மெஷினை வைத்து ஏற்றிவிட்டேன். வலது காதுக்குப் பின்னால் நாலு விரல் நீளத்துக்குத் தையல் தழும்பு ஒன்று வெள்ளையாக வெளியே வந்தது. சின்ன வயசில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தானாம். அத்தனை வருஷமும் அவன் அம்மா அந்த இடத்தில் முடி விட்டு வளர்த்து மறைத்து வைத்திருக்கிறார். பையனுக்கே அங்கே தழும்பு இருப்பது மறந்து போயிருந்தது. பின்கண்ணாடியைக் காட்டியதும் அவன் கை தானாகப் போய் அந்த இடத்தை மூடியது. ஒன்றும் சொல்லவில்லை. காசைக் கொடுத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டே நடந்து போனான். அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஐந்து நிமிஷம் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அப்படி நேர்ந்திருக்காது. அன்றையிலிருந்து எவ்வளவு கூட்டம் இருந்தாலும் தலையைத் தடவிப் பார்க்காமல் மெஷினைத் தொடுவதில்லை. பையன்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

முடியாவது வளர்ந்துவிடும். தாடி விஷயம் இன்னும் மோசம். பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பையன்கள் வந்து, "அண்ணே, கோலி மாதிரி தாடி செட் பண்ணுங்க" என்கிறார்கள். எதை வைத்துச் செய்வது? மேலுதட்டில் பூனைமுடி, கிருதாவுக்குக் கீழே நாலு முடி, தாடையில் அங்கங்கே ஒன்றிரண்டு. ஆண்பிள்ளைக்கு முதலில் மேலுதட்டில் அரும்பும், அப்புறம் கன்னத்தோரம், கடைசியில்தான் தாடை. கன்னம் முழுசாக நிறைய இருபது வயசு தாண்டும், சிலருக்கு இருபத்தைந்தும் ஆகும், சிலருக்கு நிறையவே நிறையாது. எல்லாம் பரம்பரையும் உடம்பும் செய்கிற வேலை. 2008-இல் மலேசியாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வாங்கிக்கொண்டு நிற்கிற கோலியின் படத்தைத் தேடிப் பாருங்கள். கொழுகொழு கன்னம், தாடி எங்கே இருக்கிறது? 2017-இல் ஜடேஜா, ரோஹித், பாண்டியா எல்லோரும் தாடியை எடுத்துக் காட்டியபோது, தனக்கு இன்னும் எடுக்க மனசு வரவில்லை என்று கோலி சொன்னார். 2025-இல், டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விலகிய பிறகு, நாலு நாளைக்கு ஒரு தடவை தாடிக்குச் சாயம் பூச வேண்டிவந்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம் என்று லண்டனில் ஒரு மேடையில் பேசினார். 36 வயசில் அவர் சாயம் பூசிக் காப்பாற்றுகிற தாடியை 16 வயசுப் பையன் எங்கிருந்து கொண்டுவருவான்?

ஆனால் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று நினைக்கிறான். சிரைத்தால் அடர்த்தியாக வளரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இல்லாத தாடியை வாரத்துக்கு இரண்டு தடவை சிரைக்கிறான். அது பொய். பிளேடு தோலுக்கு மேலே இருக்கிற முடியைத்தான் வெட்டும், வேரை ஒன்றும் செய்யாது. நுனி மழுங்கி வருவதால் கையில் சொரசொரவென்று படுகிறது, அவ்வளவுதான். அடுத்தது மினாக்சிடில். முதலில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மருந்து அது. பிறகு வழுக்கைக்குத் தலையில் தடவக் கொடுத்தார்கள். அதை டாக்டரைக் கேட்காமல், வீடியோவைப் பார்த்து வாங்கிப் பதினாறு வயசில் கன்னத்தில் தேய்த்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பையன் கன்னம் சிவந்து, தோல் உரிந்து, "அண்ணே, ரெண்டு நாளா அரிக்குது" என்று என் முன்னால் வந்து நின்றான். வீட்டில் சொன்னாயா என்றேன். சொல்லவில்லை. என்னிடம்தான் முதலில் சொல்கிறான். சலூன்காரனிடம் சொல்ல முடிகிறது, அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. இது எவ்வளவு பெரிய சங்கடம் என்று அந்த அப்பாக்களுக்குத் தெரியுமா?

முடிக்குப் பொன் நிறம் ஏற்றுகிறவர்கள் கதை தனி. முகத்துக்குப் போடுகிற பிளீச்சை வாங்கி வீட்டிலேயே தலையில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் விடுகிறார்கள். எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். முடி வைக்கோலாகி, மண்டையில் கொப்பளம் போட்ட பிறகு என்னிடம் வருகிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய? தோல் டாக்டரிடம் போ என்று அனுப்புகிறேன்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன ஜூனில், பள்ளி திறந்த இரண்டாவது திங்கட்கிழமை. காலை பத்தரை மணிக்கு ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் யூனிஃபார்மோடு கடைக்குள் வந்தான். ஸ்கூல் பையைத் தலைமேல் கவிழ்த்துப் பிடித்திருந்தான். வெயிலுக்கு என்று நினைத்தேன். பையை இறக்கினான். முன்னுச்சியில் மூன்று விரல் அகலத்துக்குக் கத்திரி ஓடியிருந்தது. வேண்டுமென்றே கோணல்மாணலாக, தோல் தெரிய. கேட்டிலேயே நிறுத்தி, எல்லோரும் பார்க்க, வாத்தியார் ஒருவர் வெட்டிவிட்டு, "போய்ச் சரி பண்ணிட்டு வா" என்று அனுப்பியிருக்கிறார். முந்தின நாள் நான்தான் அவனுக்கு வெட்டினேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைத்து, மேலே படிய விட்டிருந்தேன். அவன் கேட்டது அதைவிட அதிகம். பேசிப் பேசிக் குறைத்து அதில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். அதுவும் ஆகவில்லை.

அந்தப் பள்ளத்தை மறைக்க வேறு வழியே இல்லை. 1-ஆம் நம்பர் போட்டு முழுத் தலையையும் எடுத்தேன். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் கண்ணையே திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் துணிமேல் சொட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய முடி அதில் ஒட்டிக்கொண்டது. நான் காசு வாங்கவில்லை. புதன்கிழமை அவன் அப்பா வந்தார். பள்ளிக்கூடத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டிருப்பார் என்று நினைத்தீர்களா? என்னிடம்தான் வந்து சத்தம் போட்டார். "நீங்க ஏண்ணே அந்த மாதிரி வெட்டி விட்டீங்க? சின்னப் பையன் கேட்டா வெட்டிருவீங்களா?" நான் என்ன பதில் சொல்ல?

வாத்தியார்களிடம் எனக்கு விரோதம் இல்லை. நாற்பது பையன்களை வைத்துக்கொண்டு அவர்கள் படுகிற பாடு தெரியும். பாக்ஸ் கட்டிங், ஒன் சைடு, தலையில் கோடு, புருவத்தில் கோடு என்று ஒருவன் வந்தால் மொத்த வகுப்பும் அடுத்த வாரம் அப்படியே வரும். விதி வேண்டும். பக்கங்கள் இவ்வளவு, மேலே இவ்வளவு என்று தெளிவாக எழுதி எங்களிடம் கொடுங்கள், கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறோம். பையன் கேட்டால் அதைக் காட்டுகிறோம். ஆனால் பிள்ளையின் தலையில் கத்திரியை வைக்கிற உரிமை உங்களுக்கு யார் கொடுத்தது? எங்கள் தொழிலில், குழந்தைக்கு முதல் முடி இறக்கும்போது கூடத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தலையில் தண்ணீர் தடவி, அது அழாதபடி பேச்சுக் கொடுத்துத்தான் கத்தியை வைப்போம். ஒருவன் தலையைத் தொடுவது அவன் மானத்தைத் தொடுவது. பரம்பரையாக அந்தப் பொறுப்போடு கத்திரி பிடித்தவனுக்கு, அதே கத்திரியை அவமானப்படுத்துகிற கருவியாக ஆக்குவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

அப்பாக்களுக்கும் சொல்கிறேன். பையனைத் தனியாக அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டு, "அண்ணே, ஒட்ட வெட்டி விட்டுருங்க" என்கிறீர்கள். போனை வைத்ததும் பையன் படத்தை நீட்டுகிறான். நடுவில் நான் மாட்டிக்கொள்கிறேன். உங்கள் பேச்சைக் கேட்டால் அவன் அழுதுகொண்டே போய், அடுத்த தடவை பஸ் ஏறித் திண்டுக்கல்லில் வேறு கடையில் வெட்டிக்கொள்கிறான். அந்தக் கடையில் மெஷினைச் சுத்தம் செய்கிறார்களா, பிளேடு புதுசா என்று யாருக்குத் தெரியும்? ஜீரோவில் தோலை ஒட்டி ஓட்டும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். முந்தின தலையில் படர்தாமரை இருந்தால் அடுத்த தலைக்கும் வந்துவிடும். அவன் பேச்சைக் கேட்டால் நீங்கள் சண்டைக்கு வருகிறீர்கள். அப்பாவும் பிள்ளையும் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டிய பேச்சை என் நாற்காலியில் கொண்டுவந்து வைத்தால் நான் என்ன செய்ய முடியும்?

பையன் ஆசைப்படுவது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் காலத்தில் கமல் மாதிரி ஸ்டெப் கட்டிங் கேட்டோம், காதை மூட முடி வளர்த்தோம். ஆசைப்படுகிற வயசு அது. சினிமாக்காரரைப் பார்த்ததைவிட விளையாட்டு வீரரைப் பார்ப்பது ஒருவிதத்தில் நல்லதும் கூட. ஓடுகிறான், வியர்க்கிறான், தோற்றாலும் மறுநாள் மட்டையை எடுத்துக்கொண்டு வருகிறான். அவனைப் போல ஆக வேண்டும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால் அதில் என்ன குறை? ஆனால் அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள ஆயிரம் இருக்க, 120 ரூபாய்க்குச் சட்டென்று கிடைக்கிறது என்பதற்காக முடியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை. அதையும் தன் தலைக்குப் பொருந்துகிற மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. நெற்றி சின்னதாக இருக்கிற பையனுக்கு முன்னால் முடியைத் தூக்கி விட்டால் முகமே திறந்துகொள்ளும். முகம் நீளமானவனுக்குப் பக்கங்களை ஒரேயடியாக எடுத்தால் இன்னும் நீளமாகத் தெரியும், கொஞ்சம் விட்டால் அழகாக இருக்கும். சுருட்டை முடிக்காரனுக்குக் கடவுள் கொடுத்த ஸ்டைலே தலையில் இருக்கிறது, அதை அடக்காமல் ஓரத்தை மட்டும் ஒழுங்கு செய்தால் போதும். கோலியின் படத்தில் அவனுக்குப் பிடித்தது எது, சுத்தமான ஓரமா, மேலே இருக்கிற படிவா என்று கேட்டு, அதை அவன் தலைக்கு எடுத்து வர எனக்குத் தெரியும். 27 வருஷம் நின்று கால் நரம்பு புடைத்ததெல்லாம் அதற்காகத்தானே. கேட்டால்தானே சொல்ல முடியும்?

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை கடை லீவு. ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் இருக்காது. புதன்கிழமை சாயங்காலம் வாருங்கள், கூட்டம் கம்மியாக இருக்கும். பையனோடு அப்பாவும் வாருங்கள், அப்பா வெளியூரில் வேலையென்றால் அம்மா வரட்டும், மாமா வரட்டும். பெஞ்சில் உட்காருங்கள். பையன் படத்தைக் காட்டட்டும், நானும் நிதானமாகப் பார்க்கிறேன். பிறகு அவன் போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்காரட்டும். தண்ணீர் தெளித்து, உச்சியிலிருந்து நாலு பக்கமும் சீப்பை விடுகிறேன். நீங்களும் எழுந்து வந்து பாருங்கள். உங்கள் பிள்ளைக்குச் சுழி எந்தப் பக்கம் என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?